கைடில் இருந்த மைனஸ்

தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போனபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். பால்வாடி டீச்சர் வேலைக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். அந்த வருஷம் தவறினால் வயது தாண்டிவிடும். அதனால் குரும்பலூரிலிருந்து பஸ் பிடித்துப் பெரம்பலூர் டுடோரியலுக்கு ஓடினேன். கணக்கு வாத்தியார் என்னைவிடச் சின்னவர். கைடைப் பார்த்துப் போர்டில் எழுதுவார், நாங்கள் மனப்பாடம் செய்வோம்.

ஒருநாள், ரூட் வரும் கரணிக் கணக்கு. மேலே நாலு; கீழே ரூட் ஐந்து மைனஸ் ஒன்று. கீழே ரூட் நிற்கக் கூடாது. மேலும் கீழும் ரூட் ஐந்து ப்ளஸ் ஒன்றால் பெருக்கினால் கீழே வெறும் நாலாகும். அது மேலே உள்ள நாலோடு அடிபட்டு, ரூட் ஐந்து ப்ளஸ் ஒன்று மிஞ்சும். கைடில் மைனஸ் என்று அச்சாகியிருந்தது. வாத்தியாரும் கடைசி வரியில் கூசாமல் ப்ளஸை மைனஸாக்கினார்.

"சார், அது ப்ளஸ்தானுங்களே?"

"கைடு போட்டவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"வகுத்துப் பாத்துட்டேன் சார். ரூட் அஞ்சு கிட்டத்தட்ட ரெண்டேகால். ஒன்னு போனா ஒன்னேகால். நால ஒன்னேகாலால வகுத்தா மூனுக்கு மேல வருது. நீங்க விடையா போட்டிருக்கறது அதே ஒன்னேகால்தானுங்க."

"அக்கா புளி நிறுக்குது சார்" என்றான் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

"களை வெட்டற கைக்கு ப்ளஸ் என்னா, மைனஸ் என்னா? கைடுல உள்ளத எழுதுறதுன்னா உக்காரு. இல்லாட்டி வூட்டுக்குப் போயி சோறாக்கு."

"ஆக்குறேங்க சார். நீங்க அதுக்குள்ள அந்தக் கணக்க இன்னொருவாட்டி போட்டு வைங்க."

எழுந்து வந்துவிட்டேன்; அப்புறம் வகுப்புக்குப் போகவில்லை. மனுஷர் வாயில் வரும் சொல் எதுவானாலும் ரசித்துச் சேர்த்து வைக்கிறவள் நான். வாத்தியார் சொன்ன அந்தச் 'சோறாக்கு' மட்டும் இன்னும் செரிக்கவில்லை. கைடை அடுப்பங்கரைப் பரணில் போட்டேன். அந்தப் பாடம் முழுவதையும் பிள்ளைகளின் சிலேட்டில் போட்டு, ஒவ்வொரு விடையையும் வகுத்துச் சரிபார்த்தேன். ஆத்திரத்தில் படித்த படிப்பு.

பரீட்சை முடிவு போட்ட பேப்பரில் என் நம்பர் வந்தது. மறுவாரம் பெரம்பலூர் போனால், டுடோரியல் வாசல் போர்டில் 'எங்கள் வெற்றி' என்று சாக்பீஸில் ஒரு பட்டியல். மூன்றாவது நம்பர் என்னுடையது. வாத்தியார் வெளியே வந்தார்.

"நல்லதுதானேம்மா எழுதியிருக்கோம்?"

"நான் சோறாக்கிப் பாஸானவளுங்க."

என் நம்பரை முந்தானையால் அழித்தேன். அதற்குள் என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அந்தப் போர்டுக்கு எதிரிலேயே நின்றேன், திரும்ப எழுதிவிடுவாரோ என்று.