சுத்தமான வாய்

பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த சமுதாயக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கார்மெண்ட்ஸில் தைக்கும் தமிழ்ப் பெண்கள். பல் மருத்துவரோ கன்னடம் மட்டும் பேசுபவர். இரண்டு மொழியும் தெரிந்தவர் வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் கேட்டிருந்ததால் நான் போயிருந்தேன்.

என் வேலை எளிமையானது. வருகிறவரிடம் அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து, நெட்டுக்குத்தாக, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். மூன்றும் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது. நுழையாவிட்டால் கன்னத்தின் உட்புறம் இறுகத் தொடங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவரை மருத்துவர் தனியே உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்ப்பார்.

"என் வாய் எவ்ளோ தெறக்கும்னு எங்க சூப்பர்வைசர கேளு பாப்பா, நாங்க பேசறப்பல்லாம் அவன் அளந்து வெச்சிருக்கான்" என்றாள் ஒருத்தி. வரிசை முழுவதும் சிரித்தது.

அந்த வரிசையில் என் சித்தியும் நின்றிருந்தாள். அம்மாவின் தங்கை; முகாமுக்கு அவளை வரச் சொன்னவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் அவளைப் போலச் சுத்தம் பார்ப்பவர் யாரும் இல்லை. குட்கா போட்டுக்கொண்டு வரும் சித்தப்பாவை வாசல் குழாயில் வாய் கொப்பளிக்க வைத்த பிறகே உள்ளே விடுவாள். அவளுடைய வாயில் இரண்டு விரல்கள்தான் நுழைந்தன. மூன்றாவது, நகத்தோடு நின்றுவிட்டது. அவள் மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். மெஷினில் தைத்துத் தைத்து விரல் வீங்கியிருக்கிறது என்றாள்.

இடது கன்னத்தின் உட்புறத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. புகையிலை, பாக்கு, குட்கா ஏதாவது போடும் பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் கேட்டேன்.

"அந்த நாத்தத்த வூட்டுக்குள்ளயே வுட மாட்டேன். என்னப் பாத்து கேக்கறியே" என்றாள் சித்தி. பொய் சொல்லும் முகமல்ல அது. அவளுக்குத் தெரிந்த உண்மையை அவள் சொன்னாள்.

பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து, திட்டிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். அதுவரை வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், காலையும் இரவும் தவறாமல் பல் துலக்க வேண்டும். ஒரு பிரஷ்ஷும் சிறிய பேஸ்ட்டும் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் போகவில்லை. ஏற்றுமதிக்குச் சரக்கு போகிற சமயத்தில் லீவு கேட்டால் வேறு தையல் லைனுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றாள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா இரண்டு முறை சண்டை போட்டாள். ஆனால் மருத்துவர் சொன்னதில் ஒன்றைச் சித்தி சிரத்தையாகக் கடைப்பிடித்தாள். போனில் நான் கேட்கும்போதெல்லாம், இரண்டு வேளை என்ன, நான்கு வேளை தேய்க்கிறேன், இப்போது எரிச்சல்கூட அடங்கிவிட்டது என்பாள். கேட்க ஆறுதலாக இருந்தது.

பல மாதங்கள் கழித்து, டிசம்பர் விடுமுறையில் அவள் வீட்டில் தங்கினேன். காலையில் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள், ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பழுப்பு நிறப் பொடி. ஆள்காட்டி விரலில் தொட்டுப் பல்லில் தேய்த்தாள். பிறகு இன்னொரு சிட்டிகையை இடது கன்னத்துக்குள், திட்டு இருந்த இடத்திலேயே ஒதுக்கிக்கொண்டு துணியை அலசத் தொடங்கினாள். கொடுத்த பேஸ்ட் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடந்தது. அது இனிக்கிறது, இனிப்பை வைத்துத் தேய்த்தால் அழுக்கு எப்படிப் போகும் என்று முந்தைய நாள்தான் சொல்லியிருந்தாள்.

அருகில் போனதும் வாசனை தெரிந்தது. பீடாக் கடை வாசலில் நிற்கும் அதே காட்டம்.

"சித்தி, இது பொகையில."

"பல்பொடிடி இது. பல்லு தேய்க்கறதப் போயி பொகையிலங்கற."

"பொகையிலய வறுத்து இடிச்ச பொடி. மோந்து பாரு."

"உங்க சித்தப்பா போடறதும் இதுவும் ஒண்ணா?" அவள் குரல் இறங்கியது. அவளை நான் அவமதித்துவிட்டதாகவே நினைத்தாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் அது கிடைக்கும். லைனில் யாராவது ஒருத்தி போய் எல்லோருக்குமாக வாங்கி வருவாள். டீ குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். பாத்ரூம் போனால் தைக்க வேண்டிய பீஸ் தேங்கும். பீஸ் தேங்கினால் ஏச்சு. ஆகவே டீக்குப் பதில் பொடி. பல்வலி நிற்கும், பசி தெரியாது, மதியத்துக்கு மேல் தூக்கமும் வராது. வருடக்கணக்காக அந்தப் பெண்கள் அதைத்தான் வாயில் வைத்திருந்தார்கள். முகாமில் நாங்கள் கேட்ட கேள்விக்கு அவர்களில் யாரும் ஆம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் பல் அல்லவா துலக்கினார்கள்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளைத் திட்டின் நடுவே இப்போது சிவப்பாக ஒரு புண் இருந்தது. பொடி மரத்துப்போகச் செய்ததால் அதை அவள் உணரவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகாமில் பார்த்த மருத்துவரே அங்கிருந்தார். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். சித்தி அதைத் தன்னைக் கண்டிப்பதாக எடுத்துக்கொண்டாள்.

"நான் ஒழுங்காத்தான் தேய்ச்சேன்னு சொல்லு. ஒரு வேள கூட வுடலன்னு சொல்லு" என்றாள் என்னிடம்.

சொன்னேன். எதை வைத்துத் தேய்த்தாள் என்பதையும் சொன்னேன். மருத்துவர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

துணுக்கைச் சோதித்த முடிவும் எக்ஸ்ரேயும் வந்தன. புற்றுநோய், தாடை எலும்புவரை போயிருந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் தன் முகத்திலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டினார், உதட்டின் ஓரத்திலிருந்து காதுக்குக் கீழே வரை. இடது கன்னத்தின் உட்புறமும் கீழ்த்தாடையில் பாதியும் அதிலுள்ள பற்களும் போய்விடும். தொடையிலிருந்து தசை எடுத்து ஒட்டுவார்கள். முகாமின்போதே வந்திருந்தால் திட்டை மட்டும் வெட்டியெடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். சித்திக்குத் தெருக் கன்னடம் நன்றாகவே வரும். அவருடைய கன்னடம் எட்டவில்லை. நான் எதையும் விடாமல், எதையும் மென்மையாக்காமல் தமிழில் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பக்கம் பல்லெல்லாம் நல்லா இருக்குதே. ஒண்ணுகூட சொத்த இல்ல. அதையுமா?" என்றாள்.

அவரிடம் கேட்டேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மீண்டும் ஒருமுறை பார்த்தார். பல்லில் எந்தக் குறையும் இல்லை, பல் நிற்கிற எலும்புதான் போய்விட்டது என்றார்.

"பல்லு நல்லாத்தான் இருக்காம் சித்தி. எலும்ப எடுத்தா அதுவும் கூடவே போயிடுமாம்."

சித்தி தலையசைத்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, என்றைக்கு என்று கேட்டாள்.