பூட்டச் சொன்னது யார்

அந்தக் கம்பி வலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ஒரு நூலகத்தில், புத்தகம் கடன் கொடுக்கும் பிரிவுக்கு நான் பொறுப்பு. மாடியில் தலைமை நூலகர், கீழே கவுன்ட்டரில் என் ஆட்கள், நடுவில் நான். மாடி சொல்வதைக் கீழே சொல்ல வேண்டும், கீழே நடப்பதை மாடிக்குச் சொல்ல வேண்டும். முதல் வேலை சுலபம். இரண்டாவதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

தலைமை நூலகர் நகரத்துக் கோட்டைக்குள் இருக்கும் தமிழ் அக்ரகாரத்தில் வளர்ந்தவர். நான் தமிழ்நாட்டு எல்லையில், பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ்தான். கூட்டங்களில் என்னை மலையாளத்தில்தான் திட்டுவார். தனியாகக் கூப்பிட்டு வீட்டுத் தமிழில் பேசினால், அவருக்கு என்னிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வருடம் என்னைத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினார்கள். இடைநிலை அதிகாரிகள் திறமையாக நிர்வாகம் செய்வது எப்படி என்று வகுப்பு. டை கட்டிய ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். மேலிருந்து உத்தரவு வந்தது என்று உங்கள் ஆட்களிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள், நாங்கள் முடிவெடுத்தோம் என்று சொல்லிப் பழகுங்கள் என்றார். நான் எழுந்து, எடுக்காத முடிவை எப்படி எடுத்ததாகச் சொல்வது என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, சாப்பாடு தயார் என்றார்.

பயிற்சி முடிந்து திரும்பினால், கவுன்ட்டருக்கும் புத்தக அலமாரிகளுக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை கம்பி வலை. அதில் ஒரு சின்னக் கதவு, கதவில் பூட்டு. அதுவரை வாசகர்கள் தாங்களே அலமாரிகளுக்கிடையே நடந்து, எடுத்துப் புரட்டிப் பார்த்து, பிடித்ததைக் கொண்டுவருவார்கள். இனிமேல் புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தர வேண்டும்; எங்கள் ஆள் உள்ளே போய் எடுத்து வருவார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாடிக்கு ஓடினேன்.

"வாம்மா, உக்காரு. காப்பி சாப்பிடறியா?" என்றார் தமிழில். எனக்குப் புரிந்துவிட்டது.

"புஸ்தகமெல்லாம் களவு போறது. வேற வழியில்லே. அறிவிப்புல நீ கையெழுத்துப் போட்டுடு. உன் செக்‌ஷன்தானே?"

"வாசல்ல நிக்க ஒரு ஆளைத் தாங்கன்னு எத்தனை தடவை கேட்டேன் சார்? அதைத் தந்திருந்தா களவே போயிருக்காது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. மறுநாள் காலை அறிவிப்பு தானாகவே சுவரில் இருந்தது. கையெழுத்து இல்லை, கீழே என் பதவியின் பெயர் மட்டும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதைக் கிழிக்கப் போனேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

பிறகு வசவெல்லாம் எனக்குத்தான். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் அறிவிப்பைக் காட்டி, "இது நிங்ஙளுடெ தீருமானமல்லே?" என்று என் முகத்துக்கு நேரே கத்தினார். இது என் முடிவு இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவாள். அலமாரிக்கு அலமாரி நடந்து, முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்து ஒன்றை எடுப்பாள். அன்றைக்கு வெற்றுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பேரு எழுதித் தாங்க," என்றேன்.

"பேரு தெரிஞ்சா நான் எதுக்கு சேச்சி இங்க வரணும்? பாத்தாத்தானே மனசிலாவும்?" அவள் கண் கலங்கவில்லை. எரிச்சலோடு என்னைப் பார்த்தாள். சீட்டைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போகத் திரும்பினாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, "உள்ள போங்க," என்றேன். அவள் பின்னாலேயே வரிசையில் நின்ற எல்லாரும் போனார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் திறந்து வைத்தேன்.

விஷயம் மாடிக்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுபடி காப்பி, மறுபடி தமிழ்.

"நீ திறந்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அந்தத் தற்காலிகப் பொண்ணு திறந்துட்டான்னு எழுதிக் குடுத்துடு. அவளை அனுப்பிச்சுட்டா யாரும் கேக்கப் போறதில்லே."

கவுன்ட்டரில் தினக்கூலிக்கு இருந்த பெண் அவள். சாவியைத் தொட்டதுகூட இல்லை. அந்த நிமிஷம் எனக்கு அந்தக் காப்பியை அவர் மேசைமேல் கொட்ட வேண்டும் போலிருந்தது.

"நான்தான் திறந்தேன் சார். நாளைக்கும் திறப்பேன். அந்தப் பிள்ளையைத் தொட்டீங்கன்னா யூனியன்கிட்ட போவேன், பேப்பர்காரங்ககிட்டயும் போவேன்."

அவர் முகம் மாறியது. "நிங்ஙள்க்கு போகாம்," என்றார் மலையாளத்தில். போகலாம் என்று அர்த்தம். காப்பி அப்படியே இருந்தது.

அடுத்த திங்கள்கிழமை என்னைப் பின்கட்டில் இருந்த பைண்டிங் அறைக்கு மாற்றினார்கள். பசை நாற்றமும் கிழிந்த புத்தகங்களும். அந்தத் தினக்கூலிப் பெண்ணின் வேலை மட்டும் தப்பியது.

என் இடத்துக்கு வந்தவர் கதவைப் பூட்டினார். ஆனால் கவுன்ட்டரில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் விதிப்படி செய்தார்கள். ஒரு சீட்டுக்கு ஒரு தடவை உள்ளே போய், ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, பதிந்து, கதவைப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் அடுத்த சீட்டு. வரிசை வராந்தாவைத் தாண்டி முற்றத்தில் மழையில் நின்றது. அந்த வாத்தியார் மாடிக்கே ஏறிப்போய்க் கத்தினாராம். கடைசியில் தலைமை நூலகரே இறங்கி வந்து, தற்காலிகமாகத் திறந்து வையுங்கள் என்றார். அதற்குப் பிறகு பூட்டவே இல்லை.

சில வருடங்கள் கழித்து அவர் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரக் கூட்டத்தில், வாசகர்களுக்காக அலமாரிகளைத் திறந்துவிட்டதுதான் தன் பணிக்காலத்தின் பெரிய நிறைவு என்று பேசினார். கைதட்டினார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழுந்து மலையாளத்திலேயே சொன்னேன், எல்லாருக்கும் புரியட்டும் என்று: பூட்டச் சொன்னவர் இவர், திறக்க வைத்தவர்கள் கவுன்ட்டரில் இருந்தவர்கள். உட்கார்ந்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் மாலையோடு என்னிடம் வந்து, "நன்னாப் பேசினேம்மா," என்றார் சிரித்தபடி.

நான் வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான், எங்கே போக வேண்டும் என்று சொன்னேன்.