பாதையில் ஏறாத பயணி

மே 14, செவ்வாய்க்கிழமை. முற்றம் கூட்டி, செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டு, பாணும் சம்பலும் சாப்பிட்டு, உப்புவெளிச் சந்தியில் வழக்கமான பஸ்ஸைப் பிடித்து, நான் படிப்பிக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனேன். என் அறைக்குப் புதிய கணினி வந்திருந்தது.

புதிய கணினி வந்தால் நான் முதலில் செய்வது ஒன்றுதான். கிண்ணியாத் துறையின் பழைய நாள் ஒன்றை அதில் ஓட்டிப் பார்ப்பேன்.

பாலம் கட்டுவதற்கு முந்திய காலம் அது. கிண்ணியாவுக்குப் போவதென்றால், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும். தினமும் அதில் வந்து என்னோடு புள்ளிவிபரவியல் படித்தாள் ஒரு தோழி. அந்த வரிசையையே நாங்கள் இருவரும் முதல் ஆய்வாக எடுத்துக்கொண்டோம். ஒரே குடைக்குள் நின்று, யார் எப்போது வந்தார், எப்போது ஏறினார் என்று குறித்தோம். பசித்தால் கடதாசிச் சுருளில் கடலை. பிறகு அதே வரிசையைக் கணினிக்குள் உண்டாக்கினோம். அதில் ஆட்கள் எழுமாற்றாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் வருவார்கள். ஆனால் ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தால், எத்தனை முறை ஓட்டினாலும் அதே நாள் அப்படியே திரும்பி வரும். ஆய்வுக்காக எத்தனையோ நாட்களை ஓட்டினோம். திரையில் புள்ளிகளாகப் பார்த்து ரசித்தது இந்த ஒரு நாளைத்தான்.

அந்த நாளில் ஒரு பிழை இருந்தது. துறையில் நோயாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் மீன்பெட்டிக்கும் சனம் இடம் விடுவதைப் பார்த்திருந்தோம். ஆகவே எங்கள் பயணிகளுக்கும் விட்டுக்கொடுக்கும் குணத்தை ஆளுக்கொரு அளவில் கொடுத்தோம். அதற்கு ஒரு எல்லை வைக்க மறந்துவிட்டோம். ஒரு பயணி மட்டும் எல்லோருக்கும் இடம் விட்டுவிட்டு, கடைசிப் பாதை போன பிறகும் கரையிலேயே நின்றார்.

தோழி கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். “இது நீதான் புள்ள! கன்டீன்லயும் எல்லாரும் திண்டு முடிஞ்சாத்தானே உனக்குச் சோறு.”

ஆய்வில் பிழையைத் திருத்தினோம். ஒரு பிரதியை மட்டும் திருத்தாமல் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு புதிய கணினியிலும் அந்த ஒருவர் கரையில் நின்றால், கணக்கு சரியாக ஓடுகிறது என்று அர்த்தம்.

நிரலை ஏற்றிக்கொண்டிருக்கையில் பக்கத்து அறை இளம் விரிவுரையாளர் எட்டிப் பார்த்தாள். “அக்கா, நாளைக்குக் காலமை என்ர பரீட்சை மேற்பார்வையை ஒருக்காப் பாப்பியளோ? மாமி ஆக்களோட கொழும்புக்குப் போகோணும்.”

“ஓம்” என்றேன், தலையை நிமிர்த்தாமலே.

சிறிது நேரத்தில் தோழியின் தொலைபேசி அழைப்பு. அவள் அவுஸ்திரேலியாவில் மகளோடு நிரந்தரமாக இருக்கப் போகிறாள். வழியனுப்ப வியாழக்கிழமை கிண்ணியாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன்.

“பிளேன் டிக்கட்ட மாத்திட்டாங்க. நாளைக்குக் காலமையே வேன் வருது. வருவாய்தானே?”

“நாளைக்கோ? இப்பத்தான் பரீட்சை வேலை ஒண்டுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன்.”

“ஆருக்குப் பதிலா?”

“பக்கத்து அறைத் தங்கச்சிக்கு.”

“கன்டீன் சோறு இன்னும் முடியல்ல, என்ன?” இந்தத் தரம் அவள் சிரிக்கவில்லை. “சரி புள்ள. போய்ச் சேந்து கோல் எடுக்கன்.”

திரையில் துறை விழித்தது. புள்ளிகள் வந்தன, ஏறின, போயின. கடைசிப் பாதையும் போனது. கரையில் ஒரு புள்ளி நின்றது. கணினி சரி. வழக்கமாக அத்தோடு மூடிவிடுவேன். அன்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடைக்குள் அவளுடைய தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்த வெயில் நினைவுக்கு வந்தது.

எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். “தங்கச்சி, நாளைக்கு எனக்கு ஏலாது. வேற ஆரையும் கேளுங்கோ.”

“ஐயோ அக்கா, உங்களைத்தானே நம்பியிருந்தனான்!”

“தெரியும். ஆனா ஏலாது.”

அவள் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மாமியாருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

மறுநாள் காலை முற்றம் கூட்டவில்லை. முதல் வேலையாகப் பட்டணத்துக்குப் போய், கிண்ணியா பஸ்ஸில் சனத்தை இடித்துக்கொண்டு ஏறி, யன்னலோரத்தில் இடம் பிடித்தேன்.