சோப்பு மணந்த கை

திராட்சைக்கு மருந்தடிப்பவர்களின் கையில் எவ்வளவு விஷம் ஒட்டுகிறது என்று ஆராய, ஒருமுறை காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருந்தோம். உள்ளங்கையை ஈரப்பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் தோட்டத்திலிருந்து அப்படியே வரச் சொல்லியிருந்தேன். மருந்தடிக்கும் பெரியவர் ஒருவர் மட்டும் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். அடிக்கடி கையை மோந்து பார்த்துக்கொண்டார்.

“கழுவாம வாங்கன்னு சொன்னேனேய்யா?”

“மருந்து நாத்தத்தோடயா ஒங்ககிட்ட கைய நீட்டுறது, டாக்டரம்மா? பேத்தியவே மோந்து பாத்துட்டுத்தான் தூக்குவேன்.”

“இப்ப நாத்தம் போயிருச்சா?”

“எங்கன போகுது?” என்று சிரித்தார்.

பரிசோதனையில் சுத்தமாக வந்த ஒரே கை அவருடையதுதான். அந்தக் கையை மோந்துகொண்டே அவர் திராட்சைப் பந்தலைத் தாண்டி நடந்துபோனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.