மிஸ் கீறிய இரண்டு தாள்கள்

இத்தனை வருஷமாக என் அலுமாரியில் ஒரு கலண்டர் தாள் மடித்துக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு பையன். அவள் வயிற்றிலிருந்து அவனுக்கு ஒரு சிவப்புக் கோடு. எழுத்து இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அப்போது வாசிக்க வராது. எனக்கும் அரைகுறைதான். அதனால் ஆஸ்பத்திரித் தாதி, எங்களுக்கு மிஸ், அதைப் படமாகக் கீறினார்.

யுத்த காலம். எத்தாளை என்ற ஊரில் இருந்தோம். மூத்தவன் சுன்னத்து வைத்த பிறகு இரத்தம் நிற்காமல் மௌத்தானான். கண்ணூறு என்றார்கள். பிறகு இளையவன் முழங்கால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மிஸ்தான் சொன்னார்: இது இரத்தம் உறையாத நோய், தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது, வீட்டில் கத்தி வைத்தால் இவனும் போய்விடுவான். வீட்டிலோ என் புருஷனின் உம்மா, மாமி, அவன் சுன்னத்துக்கு நாள் குறித்தாயிற்று. நான் சொல்லி யாரும் கேட்கவில்லை. மிஸ் அந்தப் படத்தைக் கீறிக் காட்டினார்.

"மிஸ், இத மாமி கண்டா என்ன உம்மாட ஊட்டுக்கு அனுப்பிருவா."

"அப்ப பொய்யாக் கீறவா?"

"பொய் வாணாம். பொம்பளைய வேற தாள்ல வைங்க."

மிஸ் கலண்டரில் இன்னொரு தாளைக் கிழித்தார். அதைத் திருப்பிக் கீறினார். அதில் பையன் மட்டும். பல் விழுந்து வாயெல்லாம் இரத்தம், வீங்கிய முழங்கால், கடைசியில் சவரக்கத்தி, அதன் மேல் குறுக்குக் கோடு. லீவு நாளில் இரண்டையும் சுருட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். வழியில் ஆமிக்காரன் விரித்துப் பார்த்து, சிவப்புக் கோடு எந்த ரோட்டு என்று கேட்டானாம்.

மாமியிடம் காட்டிப் பயனில்லை. சுன்னத்து வைக்கும் ஒஸ்தாவிடம் மிஸ்ஸைக் கூட்டிப் போனேன். பையனுடைய தாளை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப மூத்தவன்ட விஷயம்... என்ட கைப்பிழை இல்லியா?"

"இல்ல" என்றார் மிஸ்.

ஒஸ்தா தாளைத் தன் கத்திப் பைக்குள் வைத்தார். அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னார்: "இந்தப் புள்ளைக்கு நான் கத்தி வெக்க மாட்டன். கொழும்புல மருந்து ஏத்திச் செய்யட்டும்."

"ஒஸ்தாக்குக் கை நடுங்குது போல" என்றார் மாமி. ஆனால் நாள் நின்றுபோனது.

அதன் பிறகு எந்த வீட்டிலும் ஒஸ்தா முதலில் தாளை விரித்து, இப்படி ஏதும் கண்டீங்களா என்று தாயிடம் கேட்பார். அப்புறம்தான் கத்தி. மற்றப் படத்தை மிஸ் பெண்களுக்கு மட்டும் காட்டினார். மாற்றலாகிப் போகும்போது என்னிடம் தந்தார்.

இளையவன் இப்போது மதுரங்குளியில் கடை வைத்திருக்கிறான். போன கிழமை என் மகள் வந்தாள், முழுகாமல் இருக்கிறாள், முதல் பிள்ளை. தாளை விரித்தேன்.

"இது நீங்களா, உம்மா?"

"ஓம்."

கோட்டில் விரல் வைத்தாள். "நானுமா?"

"இருக்கலாம். டொக்டர்ட கேட்டுப் பாரு."

தாளைப் புருஷனுக்குக் காட்ட வேண்டும் என்றாள். தன் மாமிக்கும் காட்டப் போகிறாளாம்.  மடிப்பில் கிழியாமல் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.