சிவப்புக் கூட்டல்குறி போட்ட பெட்டி

அந்தப் பெட்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். தகரப் பெட்டி. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, நடுவில் சிவப்பில் கூட்டல்குறி போட்டு, கீழே ‘முதலுதவி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். நான் ஓட்டிய தனியார் பஸ்ஸில் அது என் தலைக்குப் பின்னால், தடுப்புக் கம்பிக்கு மேலே திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. அறுபதுகளின் கடைசியில் தர்மபுரி பாப்பாரப்பட்டி ரூட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தேன். சின்னதாக ஒரு பூட்டு வேறு தொங்கியது. பூட்டியிருக்கிறார்களே, உள்ளே மருந்து இருக்கும்போல என்று கொஞ்ச நாள் நானும் நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கண்டக்டர் அதைத் திறந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. கற்பூர டப்பா, ஊதுபத்திக் கட்டு, குங்குமப் பொட்டலம், விளக்குத் திரி, வதங்கிப்போன எலுமிச்சம்பழம், அவருடைய வெற்றிலை பாக்கு, பல் உடைந்த சீப்பு. ஒரு கரப்பான் பூச்சி வெளியே வந்து மீசையை ஆட்டிவிட்டு, வெளிச்சம் பிடிக்காமல் உள்ளே போய்விட்டது.

“மருந்தெல்லாம் எங்கண்ணா?” என்றேன்.

“மருந்தா? அது மொதலாளி வூட்ல இருக்குது. எஃப்.சி.க்குப் போறப்ப வரும்” என்றார் கண்டக்டர், சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டே.

எஃப்.சி. என்றால், வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று பார்த்துச் சான்று கொடுப்பது. பார்க்கிறவரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற அன்றைக்கு, முதலாளி வீட்டு அலமாரியிலிருந்து பஞ்சுச் சுருள், கட்டுத் துணி, டிஞ்சர் பாட்டில், கத்தரிக்கோல் எல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி கிளம்பி வரும். கற்பூரமும் கரப்பானும் வெளியே, அவை உள்ளே. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துத் தலையாட்டியதும் மறுபடி அலமாரிக்கே போய்விடும். முதலாளியின் எல்லா வண்டிக்கும் அந்த ஒரு பஞ்சுச் சுருள்தான். கண்துடைப்பு என்பார்களே, அதுகூட இதைவிடக் கௌரவமான வார்த்தை.

மனசு கேட்காமல் ஒருநாள் முதலாளியிடமே கேட்டேன். “பஞ்சும் துணியும் வண்டியிலயே இருந்தா நல்லதுங்களே” என்றேன். அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

“ஏம்பா, வெளங்காத பேச்சுப் பேசறே? கட்டுத் துணிய வண்டியில வெச்சுக்கிட்டு ஓட்டுனா, வா வான்னு ரத்தத்தைக் கூப்புடற மாதிரி ஆவாதா? சாமி சாமான் இருக்கற எடத்துல அதெல்லாம் ஆவாது. ரத்தம் வராத மாதிரி ஓட்டத்தானே உன்னைய வெச்சிருக்கறேன்?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கஞ்சத்தனம் என்றால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். ஆனால் அவர் அதை மெய்யாகவே நம்பினார். கண்டக்டரும் நம்பினார், மற்ற டிரைவர்களும் நம்பினார்கள். மருந்து இருந்தால் காயம் தேடி வருமாம். கற்பூரம் இருந்தால் வராதாம்.

வந்தது. ஒரு சந்தை நாள் சாயங்காலம், பாப்பாரப்பட்டியிலிருந்து திரும்புகிற டிரிப்பில். வண்டியில் நிற்க இடமில்லை. எனக்கு இரண்டு சீட்டு பின்னால், வலது பக்க ஜன்னலோரம் ஒரு தையல்கார பாய் உட்கார்ந்திருந்தார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாகக் கடை வைத்திருந்தவர். தைத்த சட்டை, பாவாடை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு சம்சாரத்தோடு சந்தைக்கு வருவார். அன்றைக்கு எல்லாம் விற்றுப்போன சந்தோஷத்தில் காற்று வாங்கிக்கொண்டு, வலது கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே போட்டிருந்தார்.

எதிரே மூங்கில் பாரம் ஏற்றிய லாரி வந்தது. ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. நான் மண்ணில் இறக்கி ஒதுங்கினேன், அவனும் ஒதுங்கினான். ஆனால் பாரத்திலிருந்து ஒரு மூங்கில் மட்டும் துருத்திக்கொண்டு நின்றிருக்கிறது. பின்னால் ‘யா அல்லா’ என்று பாயின் சம்சாரம் போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தேன்.

முன்கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ரத்தம் வழியவில்லை, விட்டு விட்டுக் கொப்பளித்தது. நான் சீட்டைத் தாண்டிக் குதித்து, “பெட்டியத் தொறங்கண்ணா!” என்று கத்தினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தும்தான் கத்தினேன். அந்த நேரத்துக்கு அப்படித்தான் வாயில் வருகிறது. கண்டக்டர் சாவியைத் தேடி இந்தப் பாக்கெட்டையும் அந்தப் பாக்கெட்டையும் தடவிக்கொண்டு நின்றார். ஜாக்கிக் கம்பியை எடுத்துப் பூட்டோடு சேர்த்து நெம்பினேன். மூடி தெறித்தது. கற்பூரமும் திரியும் குங்குமமும் பாயின் மடியில் கொட்டின. ஒரு முழம் சுத்தமான துணி இல்லை. தூ!

அதற்குப் பிறகு அந்த வண்டியில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஒருவர் காப்பித்தூள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வந்தார். கன்னடம் பேசுகிற ஒரு பெரியவர் “சுண்ணா ஹாக்ரி, சுண்ணா” என்று வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினார். நான் அவர்களை விலக்குவதற்குள் இன்னொரு ஆள் கீழே இறங்கி, ரோட்டோரம் மாடு மிதித்த மண்ணை ஒரு கை அள்ளி வந்து, வாயில் மென்றுகொண்டிருந்த புகையிலையையும் துப்பிப் பிசைந்து, காயத்தில் அப்பிவிட்டார். அப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார், பெரிய வைத்தியம் பார்த்தவர் மாதிரி. வெள்ளை வேட்டி கட்டிய ஒருத்தர் கறை படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கைய வெளிய நீட்டாதேன்னு எழுதிப் போட்டிருக்குதில்ல? படிக்கத் தெரியாதா?” என்று உபதேசம் பண்ணினார். எங்கள் கண்டக்டர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேலே: “சீட்டு நாசமாவுது. கீழ எறக்கி மரத்தடியில வெச்சுட்டா, வேற வண்டி வராதா?”

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எதையும் இங்கே எழுத முடியாது.

உருப்படியான காரியம் பண்ணியது அந்த அம்மா மட்டும்தான். மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவி, சுருட்டிக் காயத்தின்மேல் வைத்து, முழங்காலையும் சேர்த்துக் கொடுத்து அழுத்தினார். சந்தைப் புழுதியெல்லாம் அந்தத் துப்பட்டியில் இருந்தது. வேறு எதைத்தான் தேடுவார்? “நீங்க வண்டிய எடுங்கண்ணா, நான் புடிச்சுக்கறேன்” என்றார்.

ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் தர்மபுரிக்கு விட்டேன். வழியில் இரண்டு பேர் “எங்க ஊரு ஸ்டாப்பிங் போவுது, நிறுத்துய்யா” என்று கூரையைத் தட்டினார்கள். மனுஷ ஜென்மங்களா! அந்தச் சத்தத்துக்கு நடுவில் பாய் ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“டிரைவர், கை போயிடாதில்லீங்க? கத்தரி புடிக்கிற கைங்க.”

“போவாது பாய், போவாது” என்றேன் ஒவ்வொரு தடவையும்.

உயிர் பிழைத்தது. நரம்பு முழுசாக அறவில்லை, தைத்துவிட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் உள்ளே போன மண் சும்மா இருக்கவில்லை. என்னென்னவோ ஊசி போட்டுப் பார்த்தார்கள். கை வீங்கிக் கறுத்து, வார்டுக்குள் நுழையும்போதே நாற்றம் அடித்தது. கடைசியில் முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அங்கிருந்த டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ரத்தம் போனதால கை போகல. அழுக்கால போச்சு. சுத்தமான துணிய வெச்சு அழுத்திக் கொண்டாந்திருந்தாப் போதும்பா, வேற ஒண்ணும் வேண்டாம்.”

வேறு ஒன்றும் வேண்டாம்! அலமாரியில் தூங்குகிற அந்தப் பஞ்சும் துணியும் போதுமாக இருந்திருக்கிறது.

வயிறு எரிய, டாக்டர் சொன்னதை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏற்கெனவே வண்டியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, உடைந்த பெட்டிக்குப் புதுப் பூட்டும் போட்டிருந்தார். உள்ளே புதுக் கற்பூரம். “விடுப்பா. வண்டிக்கு வர இருந்தது பாயோட கையோட போச்சு” என்றார். சொல்லிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்தார். அந்த டம்ளரைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் என்று இருந்தது. குடும்பஸ்தன், கவிழ்க்கவில்லை.

சில மாதம் கழித்து அந்த அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இப்போது மெஷினை அவர்தான் மிதிக்கிறாராம். பாய் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி வெட்டு, அப்படி மடி என்று சொல்கிறாராம். கையில் ஒரு காக்கித் துணிப் பை வைத்திருந்தார். உள்ளே வெள்ளை மல் துணி, தடி தடியாக மடித்துத் தைத்தது. சுற்றிக் கட்ட நீளமான பட்டைத் துணிகள். எல்லாவற்றுக்கும் ஓரத்தில் சிவப்பு நூல் தையல்.

“கொதிக்க வெச்சு வெயில்ல காயவெச்சதுங்கண்ணா. உங்க வண்டியில வெச்சுக்குங்க. கண்ணாடி தொடைக்கிற துணின்னு யாரும் எடுத்துடக் கூடாதுன்னுதான் செவப்பு நூல் போட்டேன். அவருதான் சொன்னாரு.”

வாங்கி என் சீட்டுக்கு அடியில் மாட்டினேன். தகர மூலை கிழித்த ஒரு பெண்ணின் காலுக்கு ஒருமுறை, விறகு இறக்கும்போது கையை வெட்டிக்கொண்ட ஒருவருக்கு ஒருமுறை அதிலிருந்து எடுத்துக் கட்டினேன். தீர்ந்ததைச் சொன்னால் மறு வாரமே அந்த அம்மா தைத்துக் கொடுத்துவிடுவார். ஷெட்டில் என் வண்டிக்கு ஆஸ்பத்திரி வண்டி என்று பேர் வைத்துக் கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டேன்.

அந்த வருடம் எஃப்.சி. நாளில் நான் லீவில் இருந்தேன். வீட்டில் காய்ச்சல். திரும்பி வந்து பார்த்தால் சீட்டுக்கு அடியில் பை இல்லை. கண்டக்டரைக் கேட்டேன்.

“மொதலாளி வூட்ல பஞ்செல்லாம் தீந்துபோச்சாம். உம் பையிலிருந்ததை அடுக்கித்தான் காட்டினோம். பிரேக் இன்ஸ்பெக்டரு, ஆகா, இந்தப் பெட்டி மாதிரி இருக்கணும்னு மத்தவங்களுக்கெல்லாம் காட்டினாரு போ” என்றார் பெருமையாக. துணியெல்லாம் வழக்கம்போல முதலாளி வீட்டுக்குப் போய்விட்டதாம். நானும் விடாமல் கேட்டேன். பார்க்கலாம், தரலாம், எங்கே போயிடும் என்று இழுத்தடித்தார் முதலாளி. நாங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஆயுத பூஜை வந்துவிட்டது.

ஷெட்டில் வண்டிகளையெல்லாம் கழுவி, வாழை மரம் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் பெரிய குத்துவிளக்கு, எல்லா முகமும் ஏற்றி. கும்பிடக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எண்ணெயில் ஊறிக் கிடந்த திரியின் வாலில் சிவப்பு நூல் தையல் இருந்தது.

“வூட்டுல திரிக்குத் துணி இல்லைன்னாங்க. சாமிக்குத்தானே போச்சு, அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கறே?” என்றார் முதலாளி. சொல்லிக்கொண்டே பூசணிக்காயை இடது கையில் அணைத்து, குங்குமம் போடக் கத்தியால் மேலே ஓட்டை வெட்டினார். எண்ணெய்க் கை. கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கியது.

ஐயோ என்று உட்கார்ந்துவிட்டார். ரத்தம் பூசணிக்காய்மேல் சொட்டியது. கண்டக்டர் அரக்கப் பரக்க ஓடிவந்து ஒரு பிடி குங்குமத்தை அள்ளினார். முதலாளி அவர் கையைத் தட்டிவிட்டார். நம்புவீர்களா, தட்டிவிட்டார்!

“அழுக்கு கிழுக்கு வெக்காதே! துணி எடுங்கடா, சுத்தமான துணி! உம் பை எங்கப்பா, அந்தப் பாய் சம்சாரம் குடுத்த பை?”

“அதோ, எரியுதுங்க” என்றேன்.

ஷெட்டே விளக்கைப் பார்த்தது. அடுத்த ரத்தத்துக்கு என்று எடுத்து வைத்தது, நல்ல எண்ணெயில் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. என் தோளில் அன்றைக்குத் துவைத்துப் போட்ட துண்டு இருந்தது. அதை மடித்து அவர் கையில் வைத்து அழுத்தினேன். அழுத்தாமல் விட மனசு வரவில்லை. அவர் முகம் வெளுத்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“கை போயிடாதில்லப்பா?” என்றார்.