முழு மார்க் போட்டு மூடிய வகுப்பு

போன மாதம் ஒரு வகுப்பை இழுத்து மூடப் பார்த்தேன். எப்படி என்கிறீர்களா? குறை சொல்லி அல்ல... முழு மார்க் போட்டு!

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு கிராமம். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக அங்கே ஓர் அறக்கட்டளை மாலை வகுப்பு நடத்துகிறது. கோகிலா என்று ஒரு டீச்சர். வகுப்பால் பலன் உண்டா என்று பெற்றோரிடம் விசாரித்து எழுதித் தர ஆள் தேடினார்கள். துடியலூரில் சும்மா கிடக்கும் நான் கிளம்பினேன். கையில் மதிப்பீட்டுப் படிவம். பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க்.

முதல் வீடு சரஸ்வதியுடையது. தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர். மகள் ஐந்தாம் வகுப்பு.

"பாப்பா இப்பத் தானா படிக்குதுங்களா?"

"நல்லா படிக்குதுங்க. அஞ்சே போட்டுக்குங்க."

"வகுப்புல ஏதாச்சும் குறை?"

"அய்யோ, குறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. மோர் குடிங்க."

பாப்பா என் படிவத்தின் தலைப்பை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். 'ம... தி...' — அதற்கு மேல் நகரவில்லை. பார்த்தேன். ஆனால் மோரையும் குடித்துவிட்டு, அவர் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, 'உங்க பொண்ணுக்குப் படிக்க வரலைங்க' என்று எந்த வாயால் சொல்வது? ஐந்து போட்டேன். மற்ற வீடுகளிலும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் அறக்கட்டளையிலிருந்து போன். "நோக்கம் நிறைவேறிடுச்சு சார். கிளாஸை வேற ஊருக்கு மாத்தறோம்."

தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வருடம் அந்தப் பெண் ஆறாம் வகுப்பு. அங்கே யார் உட்கார்ந்து எழுத்துக் கூட்டச் சொல்லித் தருவார்கள்? வெட்கமாக இருந்தது. நடந்ததை ஒப்புக்கொண்டேன். திருத்தி எழுதிவர இரண்டு நாள் கொடுத்தார்கள்.

மறுபடியும் சரஸ்வதி வீடு. விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனார்.

"ஏனுங்க, குறை சொன்னா அந்த டீச்சரம்மா மனசு நோகுமல்லங்க? அதான் அப்படிச் சொல்லிப்போட்டேன்."

"நானும் உங்க மனசு நோகுமேன்னுதானுங்க எழுதிப்போட்டேன்."

பாடப்புத்தகத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார். "படி கண்ணு." ஒரு வரியைக் கடக்க அந்தக் குழந்தை பட்ட பாடு! சரஸ்வதி என் பேனாவை வாங்கி, அவரே 'ஒன்று' என்று போட்டார். "டீச்சர் நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க, இன்னும் கொஞ்ச நாள் வேணும்னு பக்கத்துல எழுதிக்குங்க" என்றார். பன்னிரண்டு கேள்விகளில் அதைக் கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மற்ற வீடுகளுக்கும் புத்தகத்தோடு போனேன். வகுப்பு அங்கேயே தொடர்கிறது.

திட்டத்தை மதிப்பிடும் படிவங்களை எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்து தயாரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் முகம் வாடக் கூடாது என்ற நினைப்புக்கு மட்டும் கட்டம் இல்லை. கோவைப் பக்கத்தில் அதுதானே முதல் பதில்!

அறக்கட்டளை இப்போது புதுப் படிவம் தயாரித்திருக்கிறது. நாற்பது கேள்விகள்! எப்படி இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

"ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றேன்.